நள்ளிரவுச் சிற்றுண்டி

எஃகு ஆலையின் ஊதுலையை இரவில் அணைத்து வைத்துக் காலையில் மீண்டும் மூட்டுதல் இயலாத காரியம். ஒரு முறை மூட்டிய உலை ஆண்டுக் கணக்கில் இடைவிடாது எரிந்துகொண்டிருத்தல் வேண்டும். ஆகவே உலையைக் காப்போரும் இடைவிடாது அங்கு இருந்தாக வேண்டும். ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் 1912 ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. எட்டு மணி நேரத்தை அளவாகக் கொண்டால் ஒரு நாள் மூன்று ஷிப்டுகளாக, அதாவது மூன்று முறைகளாக, எளிதில் பிரிகிறது. இவற்றுள் இரவு முறை பெரும்பாலும் 10 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடிகிறது.

மின்சார நிலையம், மருத்துவமனை, இரயில்வே, நூற்பாலை, துறைமுகம் ஆகியவற்றிலும் இதே நிலைமைதான். 1990க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் பெங்களூரிலும் குர்காவ்னிலும் அயல்நாட்டு வாடிக்கைக்காரர்களின் தொலைபேசி அழைப்புக்களுக்கு விடை கூறும் அலுவலகங்கள் ஏற்பட்டன. மேசையின் முன் அமர்ந்தவாறே இரவைக் கழிக்கும் புதியதொரு வகுப்பினர் அதனால் தோன்றினர். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு வேளையில் ஆலைகளில் அமர்த்துவதைப் பொதுவாகத் தடுத்திருந்தது. 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு, அவர்களது இசைவின் பேரிலும் தக்க பாதுகாப்புக்களுடனும் அதற்கு இடமளித்தது. இரவில் விழித்திருந்து உழைப்போரின் தொகை பெருகுமேயன்றிக் குறைவதற்கில்லை.

இவர்கள் அனைவருக்கும் நள்ளிரவை ஒட்டிப் பசி எடுக்கிறது. அவ்வேளையில் கையருகே கிடைப்பவை யாவை? சர்க்கரை மிகுந்த தேநீர், பன், பிஸ்கட், மாலையில் பொரித்து வைத்த சமோசா அல்லது வடை, கொதிநீர் ஊற்றி உடனே உண்ணும் நூடுல்ஸ் ஆகியவையே. பசிக்கு ஏதோ ஒன்று என்று இவற்றுள் ஒன்றை உண்டுவிட்டு வேலைக்குத் திரும்புகின்றனர். பகலில் உண்ணும் பண்டத்தையே இரவிலும் உண்டால் என்ன, வயிற்றுக்கு மணி தெரியுமா என்று கேட்போர் உண்டு. வயிற்றுக்கு மணி தெரியும் என்பதே விஞ்ஞானம் கண்டுள்ள முடிவு.

உடலினுள் ஓடும் கடிகாரம்

தொட்டாற்சுருங்கிச் செடியின் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிவதை யாவரும் கண்டிருப்பர். 1729 ஆம் ஆண்டில் டி மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர் இச்செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் இலைகள் தம் வேளை தவறாது விரிந்து குவிந்தன. சூரியனைக் காணாமலேயே செடி பொழுதை அறிந்திருந்தது.

பிராணிகளிடத்தும் இவ்வாறே காணப்படுகிறது. இத்துறையில் நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளுள் குறிப்பிடத் தக்கது மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் குகை வௌவால்களைக் கொண்டு செய்ததாகும். இரவு பகல் அறியாத ஆழ்ந்த இருட்டில் அடைத்து வைக்கப்பட்ட வௌவால், தன் கூட்டத்தார் அருகே இருக்கும்வரை, அவை வெளியே பறந்து செல்லும் வேளையோடு தானும் ஒத்துச் செயற்பட்டது. கூட்டத்தார் இல்லாத குகையில் தனித்து வைத்தபோது அதன் உட்கடிகாரம் தன் போக்கில் ஓடி, வெளியுலகின் பொழுதிலிருந்து சிறிது சிறிதாக விலகிச் சென்றது. கடிகாரம் உடலினுள்ளேயே இருக்கிறது என்பதும், வெளியிலிருந்து கிடைக்கும் குறிப்புக்கள் அதனைத் தினந்தோறும் திருத்தி வைக்கின்றன என்பதும் இதனால் நன்கு விளங்கின.

மனிதனிடத்தில் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே உள்ளது. கண் வழியே வரும் ஒளியே அதற்குரிய முக்கியமான குறிப்பு. இக்கடிகாரம் உயிரணுவினுள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களிடத்தில் கண்டறிந்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தலைமைக் கடிகாரம் ஒன்றே அன்றி, ஈரல், கணையம், குடல் ஆகிய ஒவ்வோர் உறுப்பிலும் சிறு கடிகாரங்கள் இருக்கின்றன. இவை தலைமைக் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டவை. எனினும் உணவு வந்து சேரும் வேளையையும் குறிப்பாகக் கொள்பவை. ஒளி ஒரு பொழுதையும் உணவு வேறொரு பொழுதையும் காட்டுமாயின், உடலின் கடிகாரங்கள் தம்முள் மாறுபட்டு நிற்கின்றன. இரவு முறையினரின் தொல்லைகள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

பல வாரங்கள் தொடர்ந்து இரவில் வேலை செய்தால் உடல் அதற்குப் பழகிவிடும் என்று கருதுவது இயல்பு. உண்மை அவ்வாறன்று. காலை 6 மணிக்கு ஆலை வாயிலை விட்டு வெளியேறும் தொழிலாளியின் கண்ணில் இளஞ்சூரியனின் ஒளி படுகிறது. அந்த ஒளி கடிகாரத்தைப் பழைய நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. ஓய்வு நாளில் அவர் குடும்பத்தாரோடு பகலில் விழித்து இரவில் உறங்குகிறார். வாரந்தோறும் முறை மாறுமிடத்தில் உடல் பழகுவதற்கு அவகாசமே இல்லை.

ஒரே உணவு, இரு விளைவு

மாவுப் பொருள் மிகுந்த உணவை உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்க, அச்சர்க்கரை தசைகளுள் புகுந்து மீண்டும் இறங்குகிறது. இது பகலில் நன்கு நடைபெறும். இரவில் உடல் உறக்கத்திற்கு ஆயத்தமாக இருக்கிறது. மெலடோனின் என்னும் சுரப்பு இரத்தத்தில் பெருகுகிறது. கணையம் மெத்தனமாக இன்சுலினைச் சுரக்கிறது. சுரந்த இன்சுலினுக்கும் தசைகள் முன்போல் இணங்குவதில்லை. அமெரிக்காவில் 2015 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஒரே அளவான, ஒரே வகையான உணவைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கொடுத்துச் சோதித்தனர். இரவில் உண்டபின் இரத்தச் சர்க்கரை காலையைவிட நூற்றுக்கு 17 பங்கு மிகுந்து காணப்பட்டது. காலையில் உண்ட ரொட்டியும் நள்ளிரவில் உண்ட ரொட்டியும் நிறுவையில் ஒன்றே, இரத்தத்தில் ஒன்றல்ல.

2021 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. நலமுள்ள இளம் வயதினர் 19 பேரை ஆராய்ச்சிச் சாலையில் இரவு வேலை செய்வது போன்ற வாழ்க்கைக்கு உட்படுத்தினர். ஒரு பிரிவினருக்கு இரவிலும் உணவு தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்குப் பகலில் மட்டுமே தரப்பட்டது. இரவில் உண்டவர்களின் சராசரி இரத்தச் சர்க்கரை நூற்றுக்கு 6.4 பங்கு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களிடத்தில் குறிப்பிடத் தக்க உயர்வு இல்லை.

அவ்வாறாயின் இரவு முறையினர் ஒன்றுமே உண்ணாதிருத்தல் நன்று என்று முடிவு கட்டலாமா? ஆராய்ச்சிச் சாலையில் இருந்தவர்கள் இளைஞர்கள், நோயற்றவர்கள், உலையின் அனலில் நின்று இரும்பைக் கிளறியவர்கள் அல்லர், நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கியவர்களும் அல்லர். இரவு 8 மணிக்கு வீட்டில் உண்டு, ஒரு மணி நேரம் பேருந்தில் சென்று, காலை 7 மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்கு இடையில் 11 மணி நேரம் கழிகிறது. அத்தனை நேரம் வெறும் வயிற்றோடு கடின உழைப்பை எதிர்பார்ப்பது நியாயமன்று. பசித்தவனது கவனம் வேலையில் நில்லாது. ஆனால் வயிறு நிரம்ப உண்டவனது கவனமும் நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் இரவு விழித்திருப்போரைக் கொண்டு நடத்திய சோதனைகளில், நள்ளிரவுக்குப் பின் முழுச் சாப்பாடு உண்டவர்கள் விடியற்காலையில் மிகுந்த தூக்கக் கலக்கம் அடைந்தனர். வாகனம் ஓட்டும் பயிற்சிப் பொறியிலும் மிகுதியாகத் தவறினர். சிறிதளவு உண்டவர்கள் பசியும் இன்றி, இத்தகைய தளர்ச்சியும் இன்றி இருந்தனர்.

விடியற்காலை 3 மணி முதல் 5 மணி வரை உடலின் உஷ்ணம் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும் நேரம். மனத்தின் விழிப்பும் அப்போதுதான் மிகத் தாழ்கிறது. இரயில் எஞ்சின் ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கவனிக்க வேண்டிய நேரமும், செவிலியர் ஊசி மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டிய நேரமும் இதனுள் அடங்குகின்றன. நள்ளிரவில் உண்ணும் பண்டம் இன்னதென்பது ருசியைப் பற்றிய விஷயம் மட்டும் அன்று. மற்றொரு புறம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள் என்று மதிப்பிட்டது. ஆண்டுக் கணக்கில் இரவு முறையில் இருப்போரிடத்து இந்நோய் மற்றவர்களிடத்தைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுகிறது.

எதனை உண்பது?

சிற்றுண்டி என்ற சொல்லிலேயே அளவு அடங்கியுள்ளது. நள்ளிரவில் 200 முதல் 250 கலோரி வரை தரும் உணவு, மேசை முன் அமர்ந்து வேலை செய்வோருக்குத் தாராளமாகப் போதும். உடலுழைப்பு மிகுந்தோர் சற்றுக் கூட்டிக் கொள்ளலாம்.

அளவு சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. விரைவில் சர்க்கரையாக மாறும் பொருள் குறைவாகவும், புரதமும் நார்ப் பொருளும் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மைதா மாவிலும் சர்க்கரையிலும் ஆன பன், பிஸ்கட் ஆகியவை இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடுகின்றன. அவை வாயில் கரையும் வேகத்திலேயே இரத்தத்திலும் கலக்கின்றன. உண்ட சிறிது நேரத்தில் மீண்டும் பசியை எழுப்புகின்றன. உணவுப் பண்டங்கள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக உயர்த்துகின்றன என்பதை அளந்து எண்ணால் குறிக்கும் முறையை டொரண்டோ நகரில் ஜென்கின்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் 1981 ஆம் ஆண்டில் வகுத்தனர். அவ்வரிசையில் வெள்ளை ரொட்டி மேலேயும் கடலை, பயறு வகைகள் கீழேயும் உள்ளன. நள்ளிரவுக்கு உகந்தவை கீழே உள்ளவையே.

வறுத்த கொண்டைக்கடலையை இவ்வகையில் முதலாவதாகக் கூறலாம். தோலோடு வறுத்து விற்கும் உப்புக்கடலையும், தோல் நீக்கி உடைத்த பொட்டுக்கடலையும் இதனின்று வந்தவையே. 100 கிராம் வறுத்த கடலையில் ஏறக்குறைய 22 கிராம் புரதமும் 370 கலோரியும் உள்ளன. வேர்க்கடலையில் புரதம் 26 கிராம். ஆனால் கொழுப்பு 40 கிராம் இருப்பதால் கலோரி 570 வரை செல்கிறது. ஆகவே வேர்க்கடலை ஒரு சிறங்கைக்கு மிஞ்சலாகாது. பொரி, உணவு என்ற முறையில் எளியது. 100 கிராமுக்குப் புரதம் ஏழெட்டுக் கிராமே. தனித்து உண்டால் சர்க்கரையை விரைவில் ஏற்றக்கூடியது. ஆனால் பொரிக்கு ஓர் அரிய குணம் உண்டு. அது இடத்தை அடைக்கிறது. 15 கிராம் பொரி ஒரு கிண்ணத்தை நிரப்பிவிடும். கண்ணுக்கும் வாய்க்கும் நிறைவு தரும். கலோரி 50 மட்டுமே.

வங்காளத்தில் முரி என்று வழங்கும் பொரியைக் கடலை, வேர்க்கடலை, வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவற்றுடன் கலந்து, கடுகு எண்ணெய் சில துளி தெளித்து உண்பது வழக்கம். இச்சேர்க்கையை விஞ்ஞான நோக்கில் ஆராய்ந்தால் அதில் குறை கூற இடமில்லை. 30 கிராம் வறுத்த கடலை, 15 கிராம் வேர்க்கடலை, 15 கிராம் பொரி என்று கலந்தால் 245 கலோரியும் 12 கிராம் அளவுக்குப் புரதமும் கிடைக்கின்றன. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. கடலையில் அது மிகுதி. கடலையில் குறைவாக உள்ள மெதியோனின் அரிசியில் போதிய அளவு உள்ளது. கடலையின் நாரும் வேர்க்கடலையின் கொழுப்பும் பொரியின் சர்க்கரை இரத்தத்தில் விரைந்து ஏறாதவாறு தடுக்கின்றன. இவற்றையெல்லாம் அறியாமலேயே கல்கத்தாவின் தெரு வியாபாரி தகர டப்பாவில் போட்டுக் குலுக்கித் தருகிறார். 1950களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஊட்டம் குறைந்த குழந்தைகள் முதலியோருக்காக ஒரு பன்முக உணவு மாவைத் தயாரித்தபோது, எண்ணெய் நீக்கிய வேர்க்கடலை மாவு மூன்று பங்கும் கடலை மாவு ஒரு பங்கும் சேர்த்தே அதனை அமைத்தது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் உழைப்பாளிகளின் உணவாக விளங்கும் சத்து என்பதும் வறுத்த கடலையின் மாவே. தமிழில் வழங்கும் 'சத்து' என்ற சொல்லோடு இதற்கு உறவில்லை. வடமொழியின் 'சக்து' என்பதிலிருந்து வந்த பெயர். பொருளில் மட்டும் இரண்டும் பொருந்திவிட்டன. இம்மாவை நீரில் கரைத்து, உப்பு, எலுமிச்சைச் சாறு, நறுக்கிய வெங்காயம் சேர்த்து அருந்துவர். அடுப்பு வேண்டாம், நேரமும் வேண்டாம். இரயில் எஞ்சினில் அமர்ந்து உண்ண வேண்டிய ஓட்டுநருக்கு இதனினும் ஏற்றது காண்பது அரிது. நீரை மட்டும் நம்பத் தக்க இடத்திலிருந்து கொண்டுவருதல் வேண்டும்.

வேகவைத்த முட்டை ஒன்றில் 6 முதல் 7 கிராம் வரை புரதம் உண்டு. கலோரி 85க்கு மேல் இல்லை. சர்க்கரை இல்லவே இல்லை. கொய்யா, ஆப்பிள் போன்ற பழங்களும் நன்று. வாழைப்பழம் ஒன்று உண்பதில் தவறில்லை. அதனோடு சிறிது கடலையும் சேர்த்து உண்டால் இன்னும் நன்று. கடலைமிட்டாயைப் பற்றிச் சிலர் கேட்கக்கூடும். கடலை நல்லதே, ஆனால் அதைப் பிணைத்திருக்கும் வெல்லமும் சர்க்கரையே. வெல்லம் என்பதால் கணையம் சலுகை காட்டுவதில்லை.

உலர்ந்ததும் நனைந்ததும்

இரவு உணவின் தேர்வில் மற்றொரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஆலைச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் பெரும்பாலும் மாலையிலேயே முடிந்துவிடுகிறது. 7 மணிக்கு இறக்கிய எலுமிச்சை சாதமோ புலாவோ 1 மணிக்குப் பரிமாறப்படுகிறது. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் விதைத்துகள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. இவை கொதிநீரிலும் சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது, 60 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழும் 5 டிகிரிக்கு மேலும் உள்ள உஷ்ண நிலையில், அவை முளைத்துப் பெருகுகின்றன. சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் நச்சுப் பொருளைத் தோற்றுவிக்கின்றன. பரிமாறுமுன் மீண்டும் சூடாக்கினால் நுண்ணுயிர் சாகும். அந்த நச்சுப் பொருள் சாவதில்லை. சூடாக இருப்பதைக் கண்டு புதிது என்று எண்ணி உண்பவர் ஏமாறுகிறார். ஆவி பறக்கும் நிலையிலேயே வைத்திருந்த உணவு அல்லது அவ்வப்போது சமைத்த உணவு, இவ்விரண்டில் ஒன்றே பாதுகாப்பானது.

பொரித்த பண்டங்களில் தொல்லை வேறு. நுண்ணுயிர்கள் அவற்றில் அத்துணை எளிதில் வளர்வதில்லை, எண்ணெய்தான் குற்றவாளி. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் அதில் சேர்கின்றன. இவை நூற்றுக்கு 25 பங்குக்கு மேற்பட்ட எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. இது அன்றியும், கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு நீங்க நெடுநேரம் பிடிக்கும். இரவில் இரைப்பை பகலைவிட மெதுவாகவே காலியாகிறது. இரண்டும் சேர்ந்தால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் ஆகியவை வருவதில் வியப்பில்லை. இரவு முறையினர் மருத்துவரிடம் கூறும் முறையீடுகளில் இவை பழக்கமானவை. ஆகவே பகலில் எப்போதாவது உண்ணும் சமோசாவை இரவில் அறவே விலக்குதல் நன்று.

கடலை, பொரி, சத்து மாவு ஆகிய உலர்ந்த பண்டங்களில் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வேண்டிய ஈரம் இல்லை. மூடிய டப்பாவில் வைத்தால் நாட்கணக்கில் கெடாது. நம் நாட்டு உஷ்ணத்தில் இது சிறிய நன்மை அன்று. வேகவைத்த முட்டையைப் பொறுத்த வரை, மாலையில் வேகவைத்துச் சட்டைப் பையில் கொண்டு போவது கூடாது. உண்ணும் வேளையில் அங்கேயே வேகவைத்தல் வேண்டும்.

எப்போது உண்பது, என்ன அருந்துவது?

முக்கியமான உணவை இரவு வேலைக்குப் புறப்படுமுன் 8 அல்லது 9 மணிக்கு வீட்டில் உண்ணல் வேண்டும். சிற்றுண்டியை நள்ளிரவை ஒட்டி, 1 மணிக்குள் முடித்துவிடுவது நன்று. அதன் பின் விடியும் வரை தண்ணீரே போதும். வேலை முடிந்தபின் சிறிதளவு காலை உணவு உண்டே உறங்குதல் வேண்டும். இல்லையெனில் 11 மணிக்குப் பசி எழுப்பிவிடும், பகல் உறக்கம் குலையும். உண்டவுடன் படுக்கையில் சாய்வதைத் தவிர்த்து, முடிந்தவரை இடைவெளி விட வேண்டும்.

தேநீரும் காப்பியும் இரவு முறையினரின் உற்ற தோழர்கள். அவற்றை விலக்கும்படி கூறுவது பயனற்றது. கூறினாலும் கேட்பார் இல்லை. எனினும் இரண்டு விஷயங்களைக் கருதுதல் வேண்டும். ஒன்று சர்க்கரை. ஒரு குவளைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 10 கிராம் ஆகிறது. மூன்று குவளைக்கு 30 கிராம். ஒரு முழு நாளுக்கு 25 கிராம் அளவில் நிற்பது நல்லது என்பதே உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் கூறிய ஆலோசனை. மற்றொன்று காபீன் என்னும் பொருள். அருந்திய காபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. 4 மணிக்கு அருந்திய காப்பியின் பாதி, 9 மணிக்குப் படுக்கையில் கிடப்பவரின் இரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். 2 மணிக்குப் பின் தேநீர் வேண்டாம் என்று வைத்துக்கொள்வது தக்கது. உலையருகே வியர்த்து வேலை செய்வோருக்கு உப்பிட்ட நீர்மோர் நல்ல பானம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் மேற்கூறிய யோசனைகளைத் தாமாகவே மேற்கொள்ளலாகாது. முறை மாறும்போது மருந்து வேளையும் மாறுவதால், அவர்களுக்கு நள்ளிரவில் சர்க்கரை ஏறுவதினும் திடீரென்று இறங்குவதே பெரிய ஆபத்து. மருத்துவரைக் கலந்து வேளையைத் திட்டப்படுத்திக் கொள்ளல் வேண்டும். கை நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டால் கடலையைத் தேடக்கூடாது. 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை உடனே நீரில் கலந்து அருந்த வேண்டும். இத்தகையோர் அதனைச் சட்டைப் பையிலேயே வைத்திருத்தல் அவசியம். பக்கத்தில் வேலை செய்வோருக்கும் இச்செய்தி தெரிந்திருத்தல் வேண்டும்.

இனி, இவையெல்லாம் தொழிலாளியின் விருப்பத்தை மட்டும் பொறுத்தவை அல்ல. நள்ளிரவில் வெளியே கடை இல்லாத இடத்தில், சிற்றுண்டிச்சாலையில் என்ன வைக்கப்பட்டிருக்கிறதோ அதுவே அவரது தேர்வு. 250 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில் சிற்றுண்டிச்சாலை அமைக்கும்படி ஆணையிட 1948 ஆம் ஆண்டின் சட்டம் இடம் தந்தது. அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளரின் பிரதிநிதிகள் இடம்பெறவும் வழி செய்தது. 2020 ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. இத்தகைய குழுக்கள் கூடும்போது விலையைப் பற்றியும் தூய்மையைப் பற்றியும் பேசுவது வழக்கம்; பகலுக்கும் இரவுக்கும் வெவ்வேறு பட்டியல் வேண்டும் என்ற பேச்சு எழுவது குறைவு. அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. மாலையில் பொரிக்கும் சட்டியை ஒதுக்கிவிட்டு, வறுத்த கடலைக்கும் பொரிக்கும் இரண்டு பெரிய டப்பாக்கள், ஒரு கூடைப் பழம், சர்க்கரையைத் தனியே வைத்துத் தரும் தேநீர், 12 மணிக்கு முட்டை வேகவைக்க ஓர் அடுப்பு, அதன் அருகே ஒரு சமையற்காரர், இவ்வளவு ஏற்பாடு செய்தால் போதும்.